கணக்கெடுப்பு

காகிதப்பட்டறை மலைச்சரிவில்
நூற்றுப் பதினான்காவது மீட்டருக்கும்
நூற்றுப் பதினைந்தாவதற்கும் நடுவே
ஒரு சின்டெக்ஸ் தொட்டி நிழல் போட்டிருக்கிறது.
கத்திரி பிறந்து ஆறாம் நாள், மணி பதினொன்றரை.
என்னில் முக்கால்வாசிதான் அதில் கொள்ளும்.
கால்களை வெயிலுக்கு விட்டுக்கொடுத்து உட்காருகிறேன்.

பிரஷர் மாத்திரை எழுதிய டாக்டர்
சீட்டின் அடியில் இதையும் எழுதியிருந்தார்:
தினம் பத்து நிமிடம். வெளியில்.
ஒன்றும் செய்யாமல் மூச்சை மட்டும் பாருங்கள்.
வெளியில்தான் இருக்கிறேன் டாக்டர்,
காலை ஏழிலிருந்து.

பார்க்கிறேன்.
உள்ளே போகும்போது சுட்ட பாறை வாசனை.
வெளியே வரும்போது காலையில் கடித்த வெங்காயம்.
மூன்றாவது மூச்சில் சொசைட்டித் தவணை.
நான்காவதில்
மகனின் ஹால்டிக்கெட்டில், பெயரின் நடுவே
விட்டுப்போன ஒற்றெழுத்து.
திருத்தக் கடைசி நாள் வெள்ளியா, சனியா?
ஐந்தாவதை எண்ணினேனா?
திரும்பவும் ஒன்று.

இந்தப் பக்கத்து வீடுகளுக்குப் பின்சுவரே மலைதான்.
பகலெல்லாம் வாங்கிய வெயிலைப்
பாறை ராத்திரியில் வட்டியோடு திருப்பித் தரும்.
பாயைச் சுவரிலிருந்து தள்ளிப் போட்டும்
முதுகு அதைக் கண்டுபிடித்துவிடுமாம்.
நான் சாய்ந்திருப்பதும் அந்தப் பாறையில்தான்.
சட்டென்று நிமிர்கிறேன்.
ஏழா, எட்டா?

"இன்னாம்மா ஒக்காந்துட்ட? தலை சுத்துதா?"
எஸ்தரம்மா. நூற்றுப் பதினைந்து.
"ஒண்ணுமில்லக்கா. சும்மா."
"சும்மாவா? இந்த வெயில்லயா?"
ஈரத்துணி சுற்றிய பாட்டிலை நீட்டிவிட்டு
என்னை நம்பாமல் பார்த்துக்கொண்டே நிற்கிறாள்.
எழுந்துவிட்டேன்.
பத்து நிமிடத்தில் நாலு போயிருக்கும்.

அவள் வீட்டு மீட்டர், ஆட்டுக்கொட்டகைத் தூணில்.
கண்ணாடி முழுக்க வெயில்.
உள்ளங்கையைக் குவித்து ஒரு சின்ன இருட்டு செய்கிறேன்.
தேதி காட்டுகிறது. பிறகு நேரம். பிறகு வோல்டேஜ்.
யூனிட் வரும்வரை காத்திருக்க வேண்டும்.
ஓரத்தில் சிவப்புப் பொட்டு
ஒரு தடவை இமைத்தது.

அடுத்த இமைப்புக்குக் காத்தேன்.
வரவில்லை.
வீட்டுக்குள் ஒரே ஒரு ஃபேன் ஓடுகிறது என்று அர்த்தம்.
ராத்திரி ஷிப்ட் முடித்த யாரோ
அதன் கீழே தூங்குகிறார்கள்.
என் பிடரியில் புறப்பட்ட ஒரு வியர்வைத் துளி
எலும்பெலும்பாக இறங்கி
ரவிக்கைப் பட்டியில் தயங்கி
பக்கவாட்டில் வழி தேடிப் போயிற்று.
ஆடு என் புடவைத் தலைப்பை மோந்து, வேண்டாமென்று விட்டது.
சிவப்புப் பொட்டு இமைத்தது.
மூவாயிரத்து இருநூறு இமைத்தால் ஒரு யூனிட்.
பதினேழு வருஷ வேலையில்
இப்போதுதான் இரண்டைப் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவதுக்குள் கரண்ட் போய்விட்டது.

மலை முழுக்க ஓர் இரைச்சல் நின்றது.
நின்ற பிறகுதான்
அது அதுவரை இருந்ததே தெரிந்தது:
ஃபேன்கள், மோட்டார்கள், மாவு மிஷின்,
யார் வீட்டு டிவியிலோ அழுதுகொண்டிருந்த மருமகள்.
அந்த ஓட்டையில்
பாலாற்றுப் பாலத்தில் ஒரு லாரி கியர் மாற்றுவது கேட்டது.
தொட்டியிலிருந்து ஒரு சொட்டு.
கம்பியில் வாயைப் பிளந்து உட்கார்ந்திருந்த காக்கை
மூச்சு வாங்குவது கூடக் கேட்டமாதிரி இருந்தது.
என்னுடையதாகவும் இருக்கலாம்.

பிறகு கதவுகள்.
லுங்கியை இறுக்கிக்கொண்டு ஒருவன் வெளியே வந்தான்,
கன்னத்தில் பாயின் வரிகள்.
"தோ, ஈ.பி.காரங்களே நிக்கிறாங்க. கேளு!"
மேல்படியிலிருந்து யாரோ சொல்ல
நாலைந்து தலைகள் என் பக்கம் திரும்பின.
"போன் பண்ணும்மா!"
"எப்ப வரும்?"
"தூங்க வுட மாட்டீங்களா?"

எனக்கு எப்படித் தெரியும்,
நான் கணக்கு எடுக்கிறவள் மட்டும்தான் என்றேன்.
யாரும் கேட்கவில்லை.

இருண்ட மீட்டரில் ரீடிங் எடுக்க முடியாது.
தொட்டியின் நிழல் அதற்குள்
ஒரு சாண் சுருங்கியிருந்தது.
முழங்காலை மடக்கி அதற்குள் உட்கார்ந்தேன்,
இந்தத் தடவை
டாக்டர் சொன்னதற்காக இல்லை.
எஸ்தரம்மாவும் பக்கத்தில் வந்து உட்கார்ந்து
முந்தானையால் விசிறத் தொடங்கினாள்,
அவளுக்கு இரண்டு, எனக்கு ஒன்று.